நாற்பத்து மூன்றாம் நம்பர் மரம்

கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிற்கும் என் தணி அண்ணனுக்கு,

உன் பாப்பா எழுதுகிறேன். நாற்பத்தாறு வயசாகிறது, முழங்கால் வலி வந்துவிட்டது, இன்னும் பாப்பாதான். நீ ஒருத்தன்தான் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். இப்போது கூப்பிட ஆளில்லை. அதனால் நானே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் சண்டை. இதெல்லாம் ஒரு கையெழுத்தா அண்ணா? இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தினவன் எழுதின நாவல், பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், கோழி கிளறின குப்பை மாதிரி கிடக்கிறது. நீ வாத்தியாராக இருந்த வெள்ளிமலையிலிருந்து அண்ணி ஒரு அரிசிப் பையில் கட்டிக்கொண்டு வந்து என் கடை மேஜையில் வைத்துவிட்டு, "இந்தா அமுதா, உங்க அண்ணன் சொத்து. ஒனக்குத்தான் இத்தப் படிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனது. பக்க எண் கிடையாது. பின்னால் திருப்பினால் ஏழாம் வகுப்புக் காலாண்டு அறிவியல் விடைகள். தவளையின் வாழ்க்கைச் சுழற்சிக்கு நடுவே உன் கதையைத் தேடிப் பிடித்து அடுக்கவே ஒரு மாதம் ஆனது.

கடை எப்படி ஓடுகிறது என்று கேட்பாய். நன்றாக ஓடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனதிலிருந்து என் ஜெராக்ஸ் மெஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை. காலையில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு வருகிறவர்கள். ஒவ்வொரு தடவை அதை அடிக்கும்போதும் எனக்கு உன் ஞாபகம் வரும். அந்தக் காகிதத்துக்காகத்தானே பதினான்கு வயசில் நீ மரமேறினாய். அந்த இடஒதுக்கீட்டில்தான் பிற்பாடு உனக்கும் வாத்தியார் வேலை கிடைத்தது. அதைச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

விண்ணப்பங்களுக்கு நடுவே உன் நாவலை அடித்து முடித்துவிட்டேன். 'கூப்பிட்டால் வரும் மரங்கள்'. ராஜா கதை, மந்திரக் கதை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். நாலாவது பக்கத்திலேயே விரல் நின்றுவிட்டது.

மேட்டு நாட்டில் போர் வருகிறது. அந்த நாட்டில் மரங்கள் நடக்கும், ஆனால் குரல் உடையாத பிள்ளைகள் கூப்பிட்டால்தான் நடக்கும். பெரியவர்கள் கூப்பிட்டால் ஒரு இலைகூட அசையாது. ஆகவே தளபதிகள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கணவாய்க்குக் கூட்டிப்போகிறார்கள். பிள்ளைகள் கூப்பிட, மரங்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்து கணவாயை அடைக்கின்றன. போரில் ஜெயித்தாகிவிட்டது. ராஜா ஆளுக்கொரு செம்பு வளையம் கொடுத்து, வீட்டுக்குப் போங்கள் என்கிறார். இதெல்லாம் பத்துப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள முந்நூறு பக்கமும் அதற்குப் பிறகுதான்.

ஏனென்றால் மரங்கள் திரும்பிப் போகவில்லை. கூப்பிட்ட பிள்ளையின் பின்னாலேயே ஊருக்கு வந்துவிட்டன. ஒருத்தியின் மரம் அவள் படுக்கும் அறைக்குப் பின்னால் நின்று வேரால் சுவரைப் பிளக்கிறது. ஒருத்தனுக்குப் பெண் பார்க்கப் போனால் மரமும் கூட வருகிறது, பெண் வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மரத்தை எங்கேயாவது விட்டுவிட்டு வா என்று ஊரே சொல்கிறது. ஒரு அம்மா மட்டும் மரத்துக்கும் சேர்த்து ஒரு தட்டு வைக்கிறாள். சந்தை நாளில் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு இடத்தில் கூடுகிறார்கள். போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லா மரமும் சேர்ந்து கொடுக்கும் நிழலில் உட்கார்ந்து, யார் குறட்டை பெரிய குறட்டை என்று சண்டை போடுகிறார்கள். நீயும் உன் கூட்டாளி ஏழுமலையும் கோமுகி அணைக்கரையில் உட்கார்ந்து அப்படித்தானே பேசிக்கொண்டிருப்பீர்கள். அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். சான்றிதழ் வாங்க வந்த பெரியவர், "இன்னாம்மா, அப்ளிகேசன பாத்து சிரிக்கிற" என்று கேட்டார்.

கதாநாயகன் நீலன். அவன் பின்னால் வருவது புளியமரம். அவனுக்கு ஒரு தங்கை, பெயர் தும்பை. கடைசித் தாளில் நீலன் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே தாழ் போட்டிருக்கிறது. 'கதவுக்கு அந்தப் பக்கம் தும்பை நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். தட்டவில்லை. அவளாகத் திறக்கட்டும் என்று நின்றான்.' அத்தோடு சரி. அதற்குப் பின்னால் ஒரு தாளும் இல்லை. பையை உதறிப் பார்த்தேன், அண்ணியைப் போனில் கேட்டேன், உன் பீரோவைத் தேடச் சொன்னேன். இல்லை.

பதிப்பகத்துக்காரர், கடைசி அத்தியாயத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், வந்ததும் அச்சுக்கு அனுப்பலாம் என்கிறார். யாரைக் கேட்கிறார் பார். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவளையே கேட்கிறார்.

அண்ணா, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். உயிரோடிருக்கும்போது சொல்லியிருக்கவேண்டும். முப்பத்தேழு வருஷமாகத் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. உன்னைப் போலீஸ் பிடித்துப் போனது என்னால். நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

மறியல் நடந்த அந்த வாரம் எனக்கு ஒன்பது வயசு. படிப்பிலும் வேலையிலும் தனி இடம் கேட்டு ஊர் ஊராக ரோட்டை மறித்தார்கள். கேட்டது நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன், நீயும் சொல்வாய். மரத்தை வெட்டிக் குறுக்கே போட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மரமேறிக் கயிறு கட்டப் பையன்களை அனுப்பினார்கள்.

கச்சிராயபாளையம் ரோட்டுப் புளியமரங்களின் கதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டோர மரங்கள் அரசாங்கத்துடையவை. அடிமரத்தில் வெள்ளையடித்து நம்பர் போட்டிருக்கும். வருஷா வருஷம் காய்ப்பை ஏலம் விடுவார்கள். முப்பதாம் நம்பரிலிருந்து ஐம்பது வரைக்கும் எங்கள் அப்பா குத்தகை. தை மாசம் பிறந்தால் குடும்பமே மரத்தடியில்தான். அண்ணன் ஏறி உலுக்கும், அம்மாவும் நானும் பொறுக்கி ஓடு தட்டுவோம். எங்களுக்கு மரங்களின் பெயரே நம்பர்தான். நாற்பத்து மூன்று என்றால் வாயில் எச்சில் ஊறும். அந்த ரோட்டிலேயே அதன் பழம்தான் இனிப்பு.

அந்த நாற்பத்து மூன்றைத்தான் நீ வெட்ட வைத்தாய். ஊரே சிரித்தது. வெட்டுவதற்கு வேறு மரமா இல்லை, அப்பன் குத்தகை மரத்தையே போய் சாய்த்திருக்கிறான் பார், கூறு கெட்டவன் என்றார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் ஒரே பெருமை. அத்தனை பெரிய மரம், என் அண்ணன் ஏறின மரம், ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது, பஸ் எல்லாம் நிற்கிறது. மறுநாள் ஆம்பிளைகள் எல்லாம் ஓடி ஒளிந்துவிட்டார்கள். விழுந்து கிடந்த மரத்தில் நான் ஏறித் தளிர் பறித்துத் தின்றுகொண்டிருந்தேன். ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய வயசான போலீஸ்காரர் அடிமரத்தில் உட்கார்ந்துகொண்டார். அதட்டியிருந்தால் அழுதுவிட்டு ஓடியிருப்பேன். அவர் சிரித்தார்.

"இன்னா பாப்பா, புளிக்கலியா?"

"இது எங்க மரம். புளிக்காது."

"உங்க மரமா? அப்ப உங்கப்பாவே வெட்டிட்டாரா?"

"எங்கப்பா இல்ல. எங்க அண்ணன்தான் ஏறிச்சி. உச்சி வரிக்கும் ஏறிக் கயிறு கட்டிச்சி. வேற யாருக்கும் ஏறத் தெரியாது."

"அடேங்கப்பா. அப்படிப்பட்ட அண்ணன நானும் பாக்கணுமே. எங்க கீது?"

நான் கையைக் காட்டினேன். ரோட்டை ஒட்டியிருந்த கரும்புக் கொல்லையைக் காட்டினேன். அப்புறம் கரும்பு சலசலத்தது, நீ வந்தாய், உன் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு இத்தனை வருஷமாக நான் ஒரே ஒரு அர்த்தம்தான் வைத்திருந்தேன்.

பதினெட்டு நாள் கழித்து, உச்சி வெயிலில் நீ திரும்பி வந்தாய். அம்மா களை எடுக்கப் போயிருந்தது. வீட்டில் நான் மட்டும். தெருவில் உன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். "பாப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டாய். நான் கதவில் முதுகை வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். நீ தட்டவில்லை. மறுபடி கூப்பிடவும் இல்லை. பொழுது சாய அம்மா வந்து, "தொறடி, அண்ணன் எம்மா நேரமா வெய்யில்ல நின்னுக்கினு கீது" என்று கத்தின பிறகுதான் திறந்தேன். நீ என்னைப் பார்த்து, "பாப்பா, சோறு கீதா?" என்று கேட்டாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பதினெட்டு நாள் அங்கே என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் நீ சொன்ன ஒரே பதில், "சாம்பார்ல புளியே கெடையாது." எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் மரம் அறுக்கும் ரம்பச் சத்தம் கேட்டால் நீ எழுந்து போய்விடுவாய். என் கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய ஆசாரி வந்தபோது நாலு நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை. கல்யாண வேலையில் ஒத்தாசை இல்லை என்று உன்னை வைதேன். எனக்கு அறிவு இருந்ததா?

நான் அடித்ததில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், நீலன் போர் நாட்களை நினைத்துப் பார்க்கும் இடம். அடித்துவிட்டுக் கடையைப் பாதியில் பூட்டினேன். எதிரிப் படைக்காரன் தும்பையிடம் கேட்கிறான், கணவாயில் நிற்கும் புளியமரத்தைக் கூப்பிட்டது யார் என்று. நீலன் பக்கத்துச் சோளக் கொல்லையில் ஒளிந்திருக்கிறான். நீ எழுதியிருக்கிறாய்: 'எங்க அண்ணன் கூப்பிட்டா மலையே எழுந்து வரும் என்று தும்பை சொன்னது அவனுக்குக் கேட்டது. அவனைப் பற்றி யாரும் அவ்வளவு பெருமையாகப் பேசி அவன் கேட்டதில்லை. அவள் சோளத்தைக் கை காட்டினாள். தான் அகப்படவில்லை என்றால் அவளையும் கூட்டிப்போய் விசாரிப்பார்கள் என்று நினைத்தான். எழுந்து நின்றான்.'

அப்படியென்றால் உனக்குக் கேட்டிருக்கிறது. எல்லாமே கேட்டிருக்கிறது.

அப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது. போலீஸ்காரர் கொல்லைக்குள் இறங்கவே இல்லை. அதற்கு முன்பே கரும்பு சலசலத்தது. நீயாகத்தான் வந்தாய். நான் கண்ணால் பார்த்ததை இத்தனை வருஷம் மாற்றி வைத்துக்கொண்டு உன்னை இழுத்து வந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தளபதி அடுத்த வீட்டு மரத்தைக் கூப்பிடச் சொல்கிறான். அந்த மரத்துக்கு என் குரல் தெரியாது என்று நீலன் பொய் சொல்லிவிட்டுத் தன் வீட்டு மரத்தைக் கூப்பிடுகிறான். படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏழுமலையைக் கடைக்கு வரச் சொன்னேன். இப்போது அது சொந்தமாக மினி லாரி வைத்து மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிறது. உன் காரியத்தன்று அழுத அழுகை இருக்கிறதே, அண்ணிதான் அதைத் தேற்ற வேண்டியதாய்ப் போனது. டீயைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னது.

"ஆமாம்மா. அன்னிக்கு பெரியவங்க காட்னது அம்பத்தி ரெண்டு. அது விருத்தாம்பா குத்தகை. புருசன் இல்லாம மூணு புள்ளைங்கள வச்சிக்கினு இருந்துதே, அது. தணிதான், அம்பத்தி ரெண்டு உள்ள பொந்து, சட்டுனு முறிஞ்சி நம்ம மேலயே வுழும், நாப்பத்தி மூணுதான் நல்லா ரோட்டப் பாத்து சாஞ்சிக்கினு கீதுன்னான். சுத்தப் பொய்யி. நாப்பத்தி மூணு கொல்லப் பக்கம் சாஞ்ச மரம். ரெண்டு கயிறு போட்டு இழுத்து இழுத்து எங்க கையெல்லாம் கிழிஞ்சி போச்சி."

"இத்த ஏன் யாரும் எங்க அப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னுட்டான். சொன்னா அந்தம்மா வந்து நம்ம வூட்டு வாசல்ல கும்புட்டுக்கினு நிக்கும், அசிங்கமா இருக்கும்ன்னான்."

அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே அண்ணா. கூறு கெட்டவன் என்று ஊர் சொன்னதை நம்பிக்கொண்டேதான் அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார். அவர் உன்னோடு சரியாகப் பேசாமல் இருந்த வருஷங்களை நீ எப்படித் தாங்கினாய்? உன் பின்னாலும் ஒரு மரம் வந்துகொண்டிருந்ததா? அதை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லையா?

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அப்போது அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தது. கரைத்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"நீ சின்னப்புள்ள. ஒனக்கு இன்னா தெரியும்" என்றது. அப்புறம், "அவன் வந்த அன்னிக்கி ராத்திரியே எங்கிட்ட சொன்னான். பாப்பா பயந்துக்கினு கீது, யாரும் அத்த ஒண்ணும் கேக்காதீங்க, அதுவா சொல்லும்ன்னான். நானும் பாத்தேன் பாத்தேன், நீ சொல்லவே இல்ல" என்றது. சொல்லிவிட்டுச் சக்கையைப் பிழிந்து போட்டது.

அதுவா சொல்லும். இதைத்தான் நீ கடைசித் தாளிலும் எழுதி வைத்திருக்கிறாய்.

நீ என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று "பாப்பா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்பாய். மழை பெய்தாலும் நிற்பாய். காலிங் பெல்லை அழுத்தினால் விரல் தேய்ந்துவிடுமா, வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே, "சோறு கீதா" என்பாய். மலையிலிருந்து கொண்டுவந்த கிழங்குப் பையைக் கீழே வைப்பாய். ஒவ்வொரு தடவையும் சோறுதான் போட்டேனே தவிரச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. போன மாசியில் கடைசியாக வந்தபோதுகூட, கைகழுவிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னிச்சிடு அண்ணா.

நாவலை அடித்து முடித்த பிறகு உன் மிச்சச் சாமான்களை எடுக்க நானும் வெள்ளிமலைக்கு வந்திருந்தேன். கரியாலூர் தாண்டின பிறகு வந்த வளைவுகளில் எனக்கு வாந்தி, நீ இருந்திருந்தால் கேலி செய்திருப்பாய். உன் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கடைசி பீரியடில் நீ நாவலைப் படித்துக் காட்டுவாயாம். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் முன்னால் வந்து, "நீலன் வூட்டுக்குள்ள போனானா இல்லியாங்க? சாரு சொல்லாமயே போயிட்டாரு" என்று கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதுவும் பொய்தான். பொய்யைச் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மலை இறங்கும் வரைக்கும் அழுதேன்.

இன்றைக்குக் கடைக்கு லீவு விட்டுவிட்டு அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. உன்னை மாதிரி எனக்கு மரத்தையெல்லாம் நடக்க வைக்கத் தெரியாது. தும்பை தாழ்ப்பாளை எடுக்கிறாள். "நான்தான் சொன்னேன் அண்ணா, சோளத்துல இருக்கன்னு நான்தான் கை காட்டினேன்" என்கிறாள். நீலன் என்ன பதில் சொல்வான் என்று யோசிக்கவே இல்லை. அவன் உள்ளே வந்து, சோறு இருக்கா என்று கேட்கிறான். அவள் இரண்டு தட்டு வைக்கிறாள். பின்னால் வந்த புளியமரம் வாசலுக்கு நேரே நின்று வேரை மண்ணுக்குள் விடுகிறது. அவ்வளவுதான்.

அச்சாகி வரும் முதல் பிரதி பதிப்பகத்துக்காரருக்கும் கிடையாது, அண்ணிக்கும் கிடையாது. நானே எடுத்துக்கொண்டு வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை என்று மலை ஏறுவேன். கடைசி பீரியடில் உன் நாற்காலியில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படிப்பேன். படித்து முடித்ததும், தும்பை யார் என்றும் சொல்வேன். இந்தத் தடவை தாழ்ப்பாள் போட மாட்டேன்.

கரும்பைக் கை காட்டிய உன் தங்கை,
பாப்பா